இன்று என் விரலைப் பிடித்தாள்

திரேசா,

நீ பூசை முடிந்து வரும்வரை காத்திருக்கவில்லை. ஜெனிட்டாவைப் பள்ளிக்கூடத்துக்கு நான் கூட்டிப் போகிறேன். வீட்டுச் சாவி பக்கத்து வீட்டு அங்கம்மாவிடம். ரொட்டியும் சம்பலும் மூடி வைத்திருக்கிறேன்.

பிள்ளைக்கு ஓட்டிசமாக இருக்கலாம் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து உன் விரலைப் பிடித்தால்தான் அவள் வாசல் தாண்டுகிறாள். ஜன்னலில் நின்று அதைப் பார்த்து என் வயிறு எரிந்த எரிச்சலில் மஹய்யாவ ஊர் முழுவதற்கும் ரொட்டி சுட்டிருக்கலாம். பெற்றவள் நீயென்றால் அத்தை நான் என்ன அசலூரா?

"மதினி, நீங்க பேசப் பேசப் பிள்ள காதப் பொத்திக்கிறா பாருங்க" என்று நேற்று நீ சொன்னதும் சோற்றைத் தள்ளிவிட்டு எழுந்தேன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பேசியே பென்ஷன் வாங்கியவளிடம் சொல்கிற பேச்சா?

இன்று தொண்டை கட்டி, வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. சும்மா உட்கார்ந்திருந்தேன். பிள்ளை தன் சப்பாத்தைக் கொண்டுவந்து, காலில் மாட்டிவிடச் சொல்வதுபோல என் மடியில் வைத்தாள், திரேசா! பிறகு விரலைப் பிடித்துக்கொண்டாள். கண்டி ராஜ்ஜியமே என் கைக்கு வந்துவிட்டது!

பள்ளிக்கூடக் கேட்டுக்குள் போவாளா, தெரியாது. நின்றால் நானும் நிற்பேன். திரும்பினால் திரும்பி வருவோம். இழுக்க மாட்டேன்.

பி.கு: என் தொண்டைக்கு நீ வைத்துவிட்டுப் போன கொத்தமல்லிக் கசாயத்தை ரோஜாச் செடிக்கு ஊற்றிவிட்டேன். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் முடியும்வரை எனக்குக் குரல் வேண்டாம். உன் விரலுக்கும் லீவு.

மதினி