ஃப்ளெக்ஸில் ஏறிய சாயலி

செம்பூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் பூமாரிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் அப்பாவின் லேப்டாப்பும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளை கேஷவும் என் பேத்தி சாயலியும் சுகமாக இருக்க நம் மாடசாமி துணை இருக்கட்டும். தினமும் வீடியோவில் பார்க்கிறோமே, காகிதத்தில் என்ன கடிதம் என்று நீ கேட்பாய். நான் டேப்லெட்டில் உனக்கு இரண்டு வரி தட்டினால் அது அப்பா போனிலும் தெரிகிறது, அப்பா லேப்டாப்பிலும் தெரிகிறது, எல்லாவற்றுக்கும் ஒரே அக்கவுண்ட் போட்டுக் கொடுத்துவிட்டுப் போன புண்ணியவதி நீதான். இப்போது எழுதுவது அப்பாவுக்குத் தெரியக்கூடாத சங்கதி. மாட்டுங்கா வேங்கடசுப்ரமணியன் சார், அப்பாவோடு டிராம்பேயில் வேலை பார்த்தவர், மகனைப் பார்க்க நீங்கள் இருக்கும் ஐந்தோவன் ஊருக்கே வருகிறார், அவர் பெட்டியில் இட்லிப் பொடிக்கும் சுண்டை வத்தலுக்கும் நடுவில் இதை வைத்து அனுப்புகிறேன். கவரை நாலு பக்கமும் ஒட்டியிருக்கிறேன். நல்ல மனிதர்தான், ஆனாலும் விமானத்தில் அவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டுமே.

சாயலி வயிற்றில் இருந்தபோது நீ வந்திருந்தாயே, ரிட்டயர் ஆன மனிதர் சும்மா இருக்கக்கூடாது என்று குடும்ப மரம் போடும் சாஃப்ட்வேர் ஒன்றை அப்பாவுக்கு ஏற்றிக் கொடுத்தாய். அதன் பிறகு அவர் சும்மா இருக்கவே இல்லை, என்னையும் இருக்க விடவில்லை. அதே ஃபைல் பாண்டுப்பில் உன் நாகராஜ் சித்தப்பாவின் வெல்டிங் கடைக் கம்ப்யூட்டரிலும் உன் லேப்டாப்பிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று கிளவுட் ஃபோல்டர் ஒன்றில் வைத்தாய். அன்று முதல் பால்காரரிடம்கூட அப்பா “நம்ம வம்சமே இப்ப கிளவுட்லதான் இருக்கு” என்கிறார். ஒரு கல்யாணத்தில் அடுத்தடுத்த நாற்காலியில் உட்காராத வம்சம், கிளவுடில் ஒற்றுமையாக இருந்தால் சந்தோஷம்தான். அதில் நான் யார் தெரியுமா, மனைவி 1. இத்தனை வருஷம் குப்பை கொட்டியதற்குக் கிடைத்த பட்டம். ஒன்று என்று நம்பர் போட்டிருக்கிறதே, இரண்டாவதுக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறீர்களா என்று கேட்டேன். அது சாஃப்ட்வேர் தானாகப் போடுவது என்றார். அதை எழுதியவனும் ஒரு ஆம்பளையாகத்தான் இருப்பான்.

நம் வீட்டில் தாத்தா பேரைத்தான் பேரனுக்கு வைப்பார்கள், அதனால் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை பூதத்தான். சாஃப்ட்வேருக்கு அந்த வழக்கம் எங்கே தெரியும், இவர்கள் எல்லாரும் ஒரே ஆள் மாதிரி தெரிகிறதே, சேர்த்துவிடவா என்று கேட்டிருக்கிறது. உன் அப்பாவும் பூதத்தான்தானே, தன் பேரைக் கண்ட சந்தோஷத்தில் சரி சரி என்று தட்டிக்கொண்டே போய்விட்டார். அப்பாவும் அவர் தாத்தாவும் அந்தத் தாத்தாவின் தாத்தாவும் சேர்ந்து ஒரே பூதத்தான் ஆனார்கள். என் மாமனார் அந்த ஒருவருக்கே மகனும் ஆனார், அப்பாவும் ஆனார். மனைவி 1 ஆக இருந்த நான் மனைவி 3 ஆனேன். இதைச் சரி செய்வதற்குள் ஃபைல் ஏறிவிட்டது என்று பச்சை டிக் விழுந்து பாண்டுப்புக்குப் போய்ச் சேர்ந்தாயிற்று, நல்ல காரியம் ஏதாவது இந்த வேகத்தில் போய்ச் சேர்ந்து நான் பார்த்ததில்லை. அங்கே சித்தப்பா பிரிக்க, இங்கே அப்பா பிரிக்க, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திறந்து வைத்ததில் ஃபைல் இரண்டாகி, சித்தப்பா வாரக்கணக்கில் ஏற்றிய பேரெல்லாம் காணாமல் போயிற்று. ஒருவர் மூடி டிக் வந்த பிறகுதான் இன்னொருவர் திறக்க வேண்டும் என்று நீ அங்கிருந்து சத்தம் போட்டது நினைவிருக்கும். அதற்குச் சித்தப்பா கண்டுபிடித்த வழிதான் மிஸ்டு கால். ஃபைலைத் திறக்கும்போது ஒரு மிஸ்டு கால், மூடிய பிறகு இரண்டு. இரண்டு வரும் வரை மற்றவர் தொடக்கூடாது. தன் மூளையில் உதித்தது என்பதால் சித்தப்பா அதைச் சாமியாடி சொன்ன வாக்கு மாதிரி காப்பாற்றுகிறார்.

இந்தச் சித்திரைக் கொடைத் திருவிழாவுக்கு ஊர்க் கோயில் வாசலில் வம்சம் முழுவதையும் ஃப்ளெக்ஸ் அடித்து வைப்பது என்று சித்தப்பா முடிவு செய்தார். கோயில் காரியம் எல்லாம் அவர்தான், நாம் எல்லாம் கும்பிடுவதோடு சரி. ஃபைலை மூடும்போது மரத்தைப் படமாக எடுத்து அதே ஃபோல்டரில் போட்டுவிட வேண்டும், பழைய படம் போய்ப் புதியது உட்காரும், தாராவி சைஃப் சனிக்கிழமை சாயங்காலம் அதில் எது இருக்கிறதோ அதை எடுத்துத் தன் கடையில் அடித்துக் கொடுப்பார் என்று ஏற்பாடு. அப்பா காலையில் குளித்து விபூதி பூசி உட்கார்ந்து உன் பேருக்குக் கீழே சாயலி பேரை ஏற்றிப் படம் எடுத்து வைப்பார். சாயங்காலம் சித்தப்பா திறந்து மூடிய பிறகு பார்த்தால் அந்தப் பேர் இருக்காது. முதலில் இன்டர்நெட் கோளாறு என்று அப்பா நினைத்தார், நம் கேபிள்காரர் திட்டு வாங்கியதுதான் மிச்சம். பிறகு சித்தப்பாவே போனில் சொல்லிவிட்டார், “அண்ணே, பொம்பளப் பிள்ளையளுக்குப் பொறந்தது மாப்ள வீட்டுக் கணக்குல்லா, நம்ம கோயில் வாசல்ல அத எப்படி வைக்க” என்று. அவருக்கு இரண்டும் பையன்கள், சட்டம் பேசினால் வாய் வலிக்காது. சரி, மாப்பிள்ளை வீட்டுக் கணக்கையும் பார்ப்போம் என்று டோம்பிவிலிக்குப் போன் போட்டு உன் மாமியாரிடம் விசாரித்தேன். அவர்கள் வீட்டில் மரமும் இல்லை செடியும் இல்லையாம், இதெல்லாம் எதற்கு என்று என்னையே கேட்டார்கள். ஆக என் பேத்திக்கு இங்கேயும் இடமில்லை, அங்கே இடமே கிடையாது. அந்தப் படத்தில் உனக்குக் கீழே வெறும் வெள்ளை, அப்பாவின் கிளை அதோடு சரி.

அப்பா சண்டை போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கேஸ் சிலிண்டர் ஒரு நாள் தாமதமானால் தெருவையே கூட்டுகிற மனிதர், இதற்கு வாயே திறக்கவில்லை. சரிடே என்று போனை வைத்துவிட்டு, மறுநாள் காலையில் குளித்து விபூதி பூசி உட்கார்ந்து மறுபடியும் அந்தப் பேரை ஏற்றினார். அதற்கு மறுநாளும். பூமாரிகிட்ட சொல்லாத, அவ மனசு கஷ்டப்படும் என்றார். நீ அந்த ஃபைலைத் திறந்து பார்க்கிறவளாக இருந்தால் யாரும் சொல்ல வேண்டியதில்லை, மூன்றாவது லேப்டாப் உன்னுடையதுதானே, ஆனால் எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போனதோடு உன் கடமை முடிந்தது. எனக்கு அவரைப் பார்க்கப் பொறுக்கவில்லை பூமாரி. கையில் தூக்கியறியாத பேத்தியின் பேரை ஒரு மனிதர் தினமும் எழுதுகிறார், தினமும் யாரோ அழிக்கிறார்கள், அவர் மறுபடி எழுதுகிறார். அழுகையாக வந்தது, அழுதால் வெங்காயம் என்று சொல்லிக்கொள்ள வசதியாக அடுப்படியில்தான் இருந்தேன்.

சனிக்கிழமை வந்தது. அப்பா காலையில் வழக்கம்போல் பேரை ஏற்றி, படம் எடுத்து வைத்து, மூடி, இரண்டு மிஸ்டு கால் கொடுத்துவிட்டு, நெருளில் ஒரு புது வீட்டுப் பால்காய்ப்புக்குக் கிளம்பிப் போனார். போனை வழக்கம்போல் சார்ஜில் மறந்துவிட்டார். லேப்டாப்பை எனக்குத் திறக்கத் தெரியாது என்று இந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும், திறக்க வேண்டிய அவசியமும் இல்லை. அவர் போனை எடுத்தேன், சித்தப்பா நம்பருக்கு ஒரே ஒரு மிஸ்டு கால் கொடுத்தேன், வைத்துவிட்டுக் குக்கரை ஏற்றினேன். அவ்வளவுதான், பாண்டுப்பில் அண்ணன் ஃபைலைத் திறந்துவிட்டார் என்று கணக்கு. மத்தியானம் வரை பொறுத்துப் பார்த்துவிட்டுச் சித்தப்பா போன் செய்தார். “மைனி, அண்ணன் இன்னும் மூடலியா, எனக்கு அதுல ஒரு சின்ன வேல பாக்கி கெடக்கு” என்றார். என்ன வேலை என்று எனக்குத் தெரியாதா. “உங்க அண்ணன் நெருளுக்குல்லா போயிருக்காவ, தொறந்தபடியே போட்டுட்டுப் போயிட்டாவளோ என்னமோ, அடுப்படியில கெடக்கவளுக்கு என்ன தெரியும் கொழுந்தனாரே” என்றேன். நீங்களே மூடிவிடுங்களேன் மைனி என்று கெஞ்சினார். “நான் தொட்டு மறுபடியும் எல்லாப் பூதத்தானும் ஒண்ணாயிட்டா யாரு பிரிக்க” என்று கேட்டேன். அப்படியே போனை வைத்துவிட்டார். பாவம், வாரக்கணக்கில் ஏற்றியது போன பயம். சாயங்காலம் சைஃபுக்கு நானே போன் போட்டேன். “எடுத்தாச்சு சாச்சி, மெஷின்ல ஓடிக்கிட்டிருக்கு” என்றார். அப்புறம்தான் மறக்காமல் அந்த இரண்டு மிஸ்டு காலையும் கொடுத்தேன், விதி என்றால் விதிதானே.

புதன்கிழமை சித்தப்பாவே ஃப்ளெக்ஸைச் சுருட்டித் தோளில் வைத்துக் கொண்டுவந்தார். முகம் சரியில்லை, வழியிலேயே பிரித்துப் பார்த்திருப்பார். ஹாலில் சோபாவைத் தள்ளிவிட்டு அப்பா அதை விரித்தார். தன் பேரைத் தேடவில்லை, முட்டி வலியோடு தரையில் மண்டியிட்டு நேராகக் கீழ் மூலைக்குப் போனார். சாயலி என்று இருந்தது. விரலை அதன் மேல் வைத்தார், எடுக்கவில்லை. பிறகு எழுந்து சித்தப்பாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “நாகராஜா, எனக்காக மனசு மாறி விட்டுட்டியேடே, நீ நல்லா இருக்கணும்” என்றார். சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் காபி ஆற்றிக்கொண்டிருந்தேன். நான் ஒன்றும் செய்யவில்லை அண்ணே, நீங்கள் மூடாததால் தப்பியது என்று அந்த இடத்தில் எந்த வாயால் சொல்வார். “அது கெடக்கு அண்ணே, நம்ம பிள்ளைதான” என்றார். செய்யாத நல்ல காரியத்துக்கு நன்றியை வாங்கிக்கொண்டு, காபியையும் குடித்துவிட்டுப் போனார். போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, அந்தப் பிள்ளைக்கு எத்தனை பல்லு முளைச்சிருக்கு மைனி என்று கேட்டார். பல்லெல்லாம் முளைத்து வாயும் முளைத்துவிட்டது என்றேன். ஆகவே நீ அவரிடம் பேசும்போது மரியாதையாகப் பேசு, அப்பா கணக்கில் அவர் இப்போது மகாத்மா.

அப்பா ஃப்ளெக்ஸை இன்னும் சுருட்டவில்லை. நான் சுவரோரமாகவே நடந்து போய் வருகிறேன், வம்சத்தை மிதித்த பாவம் எனக்கு வேண்டாம். நேற்று அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, கொடைக்குப் பிள்ளை வந்தால் தன் பேரைத் தானே தொட்டுப் பார்க்கும் என்றார். உடனே அவரே, வேண்டாம், பூமாரிக்கு லீவு கிடைக்காது, கேட்டுச் சங்கடப்படுத்தாதே என்றும் சொல்லிவிட்டார். அவர் கேட்க மாட்டார். அதனால் நான் கேட்கிறேன். பேரைப் பிடித்து உட்கார வைக்க என்னால் முடிந்தது. பிள்ளையை அவர் மடியில் உட்கார வைக்க என்னால் முடியாது.

மாப்பிள்ளைக்கும் உனக்கும் எங்கள் ஆசீர்வாதம், சாயலிக்கு என் முத்தம், மாடசாமி மூன்று பேரையும் காப்பாற்றட்டும். பொடியை ஈரக் கரண்டி போடாமல் எடு. இன்னொன்று, நீ வீடியோவில் குழந்தையைக் காட்டும்போது அப்பா ஏன் டேப்லெட்டை நெருங்கிக் குனிகிறார் என்று கேட்டாயே, கண் கோளாறு இல்லை. கொலுசு வாங்குவதற்காக ஸ்கிரீன் மேல் இஞ்ச் டேப்பை வைத்து அவள் காலை அளக்கிறார், ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு அளவு வருகிறது. ஒரு நூலில் அளவெடுத்து அனுப்பச் சொல்லலாமா என்று என்னிடம் கேட்டார். நீ அளவு அனுப்ப வேண்டாம். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வா.

இப்படிக்கு,
உன் அம்மா,
பூ. விஜயராணி