இடுப்பைப் பிரிக்க மறுத்த பாய்க்கு

இன்று காலை தெருமுனை இஸ்திரி வண்டியில் சட்டையைக் கொடுத்துவிட்டு நின்றேன். ஈரத்துணியின் மேல் சூடான தேய்ப்புப் பெட்டி பட்டதும் எழுந்த வாசனை, உங்கள் தையற்கடைக்குள்ளேயே என்னைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டது, பாய். விருதுநகர் பஜாருக்குப் பின்னால் இருந்த அந்தச் சின்னக் கடையில், புதுப் பேண்டுக்கு நீங்கள் மடிப்பு வைக்கும்போது இதே வாசனைதான் வரும்.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள். எனக்கு நாற்பது தாண்டியிருந்தது. சிவகாசி அச்சகம் ஒன்றுக்குக் காலண்டர் ஆர்டர் பிடிக்க ஊர் ஊராக பஸ்ஸில் அலைந்துகொண்டிருந்தேன். வழியெல்லாம் சாத்தூர்ச் சேவு. ஊர் வந்து இறங்கியதும் எண்ணெய்ப் புரோட்டா நான்கு. குண்டு என்று யாரும் சொல்லிவிட முடியாது. கொஞ்சம் தொப்பை, அவ்வளவுதான். "சீசன் நல்லாருக்கு போல, உடம்புல தெரியுதே" என்று கடைக்காரர்கள் சொன்னால் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஒரே வருடத்தில் மூன்றாம் முறையாக இரண்டு பேண்டுகளைக் கொண்டுவந்து இடுப்பைப் பிரித்துவிடச் சொன்னேன். நீங்கள் டேப்பைச் சுற்றிப் பார்த்தீர்கள். பேண்டை மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தீர்கள்.

"இனிமே பிரிக்க மாட்டேன் அண்ணாச்சி."

"ஏன் பாய், உள்ள துணி இல்லையா?"

"துணி இருக்கு. எனக்குத்தான் மனசு இல்ல."

நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. கடை மூலையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த உங்கள் அண்ணனைக் கண்ணால் காட்டினீர்கள். அவருடைய இடது கை அசைவில்லாமல் மடியில் கிடந்தது.

"இவுகளுக்கும் இப்படித்தான் கொஞ்சங் கொஞ்சமா ஏறுச்சு. நாலு தடவ என் கையாலதான் பிரிச்சுக் குடுத்தேன். நல்லாருக்கீக அண்ணேன்னு வேற சொன்னேன். பிரஷர் இருந்தது ஒருத்தருக்கும் தெரியல. ஒரு நாள் காலையில ஒரு பக்கம் இழுத்துருச்சு."

எனக்குக் கோபம்தான் வந்தது. "தையக்காரரு எப்பப் பாய் டாக்டரானீக?" என்று கேட்டுவிட்டு வேறு கடைக்குப் போனேன். அங்கே மறுபேச்சில்லாமல் பிரித்துக் கொடுத்தார்கள்.

அடுத்த மாதமே, சாத்தூரில் ஒரு கடையில் மாதிரிக் காலண்டர்களை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது தலை சுற்றியது. கடைக்காரர்தான் டாக்டரிடம் கூட்டிப்போனார். பிரஷர் கூடியிருந்தது, சர்க்கரை எல்லையில் நின்றது. "எட்டு, பத்து கிலோதான் கூட இருக்கீங்க. இதெல்லாம் ஒரு எடையான்னு விட்டுட்டுத்தான் எல்லாரும் மாட்டிக்கிறாங்க. நடங்க, சாப்பாட்டைக் குறைங்க, மூணு மாசம் கழிச்சு வாங்க" என்றார் அவர்.

வெட்கத்தோடு உங்கள் கடை வாசலில் வந்து நின்று விஷயத்தைச் சொன்னேன். அன்றைக்கே சொன்னேனே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை நீங்கள்.

"காலையில எத்தன மணிக்கு எந்திரிப்பீக?" என்றுதான் கேட்டீர்கள்.

மறுநாள் விடிகாலை சுபுஹுத் தொழுகை முடித்த கையோடு என் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டீர்கள். மல்லாங்கிணறு சாலையில் நடந்தோம். திரும்பிவிடலாம் என்று நான் சொல்லும்போதெல்லாம், "அந்தப் புளியமரம் வரைக்கும்" என்பீர்கள். அங்கே போனதும் அடுத்த மரத்தைக் காட்டுவீர்கள். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் தூக்கமில்லாமல் தைத்துக் கண் சிவந்து வந்தீர்கள். நோன்பு மாதத்திலும் வந்தீர்கள், பேச்சை மட்டும் குறைத்துக்கொண்டு.

புரோட்டாவை அடியோடு விடச் சொல்லவில்லை. "விட்டா ஒரே வாரத்துல திரும்பப் போயிருவீக. வெள்ளிக்கிழமை மட்டும் ரெண்டு சாப்பிடுங்க" என்றீர்கள். ஒரு நாள் என் சட்டைப் பையில் சேவுப் பொட்டலத்தைப் பார்த்துவிட்டீர்கள். அதை எடுத்து, பட்டாசு ஆலை வண்டிக்காகக் காத்து நின்ற பெண்களிடம் நீட்டி, "அண்ணாச்சி குடுத்தாக" என்றீர்கள். அவர்கள் என்னை வாழ்த்தினார்கள்.

எட்டு மாதத்தில் ஏழு கிலோ குறைந்தது. பிரஷர் இறங்கியது, சர்க்கரையும் பின்வாங்கியது. இடுப்பைப் பிடித்துக் கொடுக்கச் சொல்லி அதே பேண்டுகளைக் கொண்டுவந்தேன். அளந்த டேப்பை விரலால் பிடித்தபடியே அண்ணனிடம் போனீர்கள்.

"அண்ணே, மூணு இஞ்சு கொறஞ்சிருக்கு!"

அவர் தன் நல்ல கையால் டேப்பை வாங்கி, பார்த்துக்கொண்டே இருந்தார். நீங்கள் மெஷினில் போய் உட்கார்ந்தீர்கள். வெகுநேரம் அது ஓடவில்லை.

போன வருடம் ஒரு காய்ச்சல் ஒரே வாரத்தில் உங்களைக் கொண்டுபோய்விட்டது. உங்கள் வீட்டு வாசலில், தெரிந்தவர் ஒருவர் என் காதருகே வந்து, "தெனம் அம்புட்டுத் தூரம் நடந்த மனுசன். என்னத்தக் கண்டாரு?" என்றார்.

உங்களைக் கிடத்திய சந்தூக்கைத் தூக்கியபோது முன்னால் போய்த் தோள் கொடுத்தேன். எனக்கு அறுபது தாண்டிவிட்டது. பாதி வழியில் இளைஞன் ஒருவன் தோள் மாற்ற வந்தான். "விடுங்க பெரியப்பா, நான் பிடிச்சுக்கிருதேன்" என்றான். "இருக்கட்டும்ப்பா" என்றேன். கேள்வி கேட்டவர் எங்கோ பின்தங்கிவிட்டார்.

கபர்ஸ்தான் வாசல் வரை நானே உங்களைச் சுமந்து வந்தேன், பாய்.