இல்லாத சருகு

அருப்புக்கோட்டை
25-4-69

அன்பு மகள் சரஸ்வதிக்கு அப்பா ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உன் தம்பி வீட்டாரும் ஆண்டவன் புண்ணியத்தில் சுகமாயிருக்கிறோம், வெயில்தான் மனிதரை இருக்க விடவில்லை. அங்கே நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகமென்று உன் கடிதம் பார்த்து மனசு நிறைந்தது. ஆனால் கடிதத்தின் பின்பாதியைப் படித்த பிறகுதான், சுப்புராஜ் என்னைக் கேட்காமலே உனக்கு எழுதிய சங்கதி தெரிந்தது. அப்பாவுக்குக் கண் போய்விட்டது, இனிமேல் பருத்திக் கடையில் உட்கார வேண்டாம், அக்காவிடம் போய் இருக்கட்டும் என்று அவன் எழுத, நீயும் உடனே ரயிலேறி வந்துவிடுங்கள் என்று பதில் போட்டுவிட்டாய். அக்காளும் தம்பியும் சேர்ந்து என்னைப் பிலாய்க்குப் பார்சல் கட்டிவிட்டீர்கள். கண் போகவில்லை தாயி. நடந்ததை நானே சொல்கிறேன், அதற்குப் பிறகு கடையை விடுவதா வேண்டாமா என்று பேசிக்கொள்வோம்.

தை மாதம் ஒரு காலையில் கிணற்றடியில் பல் விளக்கிக்கொண்டே வானத்தைப் பார்த்தேன், முகத்துக்கு நேரே ஒரு கொசு. கையால் விரட்டினேன், போகவில்லை. பார்வையைத் திருப்பினால் அதுவும் கூடவே ஓடுகிறது, நின்றால் மெல்ல இறங்குகிறது. மறுநாள் அதற்குத் துணையாகக் கண்ணாடி நூல் மாதிரி ஒன்றும், கறுப்பாகச் சில துணுக்குகளும் வந்து சேர்ந்தன. சோற்றில் முடி கிடக்கிறது என்று உன் அம்மாவைச் சத்தம் போட்டேன், அவள் தட்டை வாங்கித் தேடிப் பார்த்துவிட்டு அன்றைக்கு முழுவதும் என்னோடு பேசவில்லை. விஷயம் தெரிந்த பிறகு கண் திருஷ்டி என்று மிளகாய் சுற்றிப் போட்டாள், நந்தியாவட்டைப் பூவைக் கண்ணில் வைத்துக் கட்டினாள், தினமும் பொன்னாங்கண்ணிக் கீரை. ஆட்டுக்குக்கூட மாற்றித் தழை போடுவார்கள், எனக்கு அதுவும் இல்லை.

என் கண் எப்படிப்பட்ட கண் என்று உனக்குத் தெரியும். பாளையம்பட்டிப் பக்கமிருந்து வண்டிகள் வரிசையாக வரும்போதே, எந்த வண்டியில் யார் இருக்கிறார்கள் என்று கடை வாசலில் நின்றே சொல்வேன். ஒரு பிடி பருத்தியை உருவிப் பார்த்து, இது திருச்சுழிக் கரிசல், இது மல்லாங்கிணற்றுப் பக்கம் என்பேன், தப்பினதில்லை. நீ பள்ளிக்கூடம் விட்டதும் நேரே வந்து பருத்திக் குவியலில் விழுந்து புரண்டுவிட்டு, தலையெல்லாம் பஞ்சோடு எழுந்து வருவாய். வீட்டுக்குப் போனால் அம்மா அடிப்பாள் என்று என் முன்னால் வந்து உட்காருவாய், நான் விளக்கு வைக்கிற நேரத்து வெளிச்சத்திலும் ஒரு இழை விடாமல் எடுத்துவிடுவேன். அந்த நாளை நினைத்தால் இப்போதும் கைவிரல் துறுதுறுக்கிறது. உன்னை மதுரையில் ரயிலேற்றிவிட்டபோது, வண்டி புள்ளியாகி மறையும்வரை நீ கை காட்டியதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அம்மாவுக்கு அதற்கு முன்பே தெரியாமல் போய்விட்டது, எனக்குத் தெரிந்தது.

அந்தக் கண்தான் பங்குனியில் என் மானத்தை வாங்கியது. திருச்சுழிப் பக்கத்து இருளப்பசாமியை உனக்கு நினைவிருக்கும், ஒவ்வொரு நடைக்கும் உனக்கென்று மடியில் வெள்ளரிப் பிஞ்சு கட்டிக்கொண்டு வருவாரே அவர்தான். அன்றைக்கு அவர் வண்டி வந்தது. கடை முற்றத்தில் நல்ல வெயில், பருத்தி கண்ணைப் பறிக்கிற வெள்ளை. நான் ஒரு பிடி அள்ளிப் பார்த்தேன், ஒரே கறுப்புத் துணுக்கு. என்னய்யா, சருகும் சத்தையுமா அள்ளிட்டு வந்திருக்கீரு, விலை கொறையுமே என்றேன். அவர் முகம் மாறிப்போனது. பருத்தி பறிக்கிறதில் ஒரு முறை இருக்கிறது, உனக்கும் தெரிந்ததுதான். பனி காய்வதற்கு முன் பறித்தால் இலை நொறுங்காது, பஞ்சில் ஒட்டாது. அண்ணாச்சி, என் பொண்டாட்டியும் மகளும் விடிய முன்ன போயி பனியோட பறிச்சது, சருகு எங்க இருக்கு, எடுத்துக் காட்டுங்க என்றார். இதோ பாருமய்யா என்று நான் விரலால் எடுக்கப் போனேன், அது நழுவியது. விடாமல் பின்னாலேயே போய் எடுத்தேன், மறுபடி நழுவியது. வெறும் பஞ்சைப் பிய்த்துப் பிய்த்து என் மடியெல்லாம் பஞ்சு. முற்றத்தில் இருந்த வண்டிக்காரர்கள், எடை போடுகிற சோலைச்சாமி, எல்லோரும் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாராவது சிரித்திருந்தால் தேவலை. இருளப்பசாமி மாட்டைத் திருப்பி வேறு கடைக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டார். அன்றைக்குத்தான் சுப்புராஜ் உனக்கு எழுதியிருக்கிறான். அவன் மேல் தப்பில்லை. வியாபாரியின் கண்ணை நம்பித்தான் வெள்ளாமை செய்கிற சம்சாரி வண்டி பூட்டுகிறான்.

பிறகு அம்மாவும் நானும் மதுரைக்குப் போய்க் கண் டாக்டரிடம் காட்டினோம். சொட்டு மருந்து விட்டு, கண்ணுக்குள் விளக்கடித்து வெகுநேரம் பார்த்தார். கண்ணுக்குள் நுங்கு மாதிரி ஒன்று நிரம்பி இருக்கிறதாம், வயதானால் அது நீர்த்து இழை இழையாகப் பிரியுமாம், அந்த இழையின் நிழல்தான் இந்தக் கொசு. மருந்து கிடையாது, பழகிக்கொள்ளுங்கள் என்றார். ஆனால் திடீரென்று நிறையப் புள்ளி கொட்டினாலோ, கண்ணுக்குள் மின்னல் வெட்டினாலோ, ஓரத்தில் திரை இறங்கின மாதிரி இருட்டினாலோ ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் ஓடி வர வேண்டுமாம். மாப்பிள்ளைக்கும் இதைச் சொல்லி வை, இரும்பாலையில் உலைக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்கிறவர். நான் பருத்திக் கதையைச் சொன்னதும் டாக்டர் சிரித்துவிட்டு, கண்ணை அசைத்துப் பாருங்கள், கூடவே அசைவது உங்களுடையது, அசையாமல் கிடப்பது பருத்தியுடையது என்றார். திரும்பும்போது மருந்தின் கூச்சத்தில் ஒன்றும் தெரியவில்லை, பஸ் ஸ்டாண்டில் இத்தனை ஜனங்களுக்கு நடுவே உன் அம்மா என் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனாள். கல்யாணமான நாளிலிருந்து தெருவில் நாலடி தள்ளி நடந்தவள். பஸ் காரியாபட்டி தாண்டியும் கையை விடவில்லை, நானும் விடச் சொல்லவில்லை.

அப்புறம் நான் கடைக்குப் போனால் உள்ளே தள்ளி உட்கார்ந்து பேப்பர் பார்ப்பதோடு சரி, முற்றத்துக்கு வரவில்லை. வெளியே வண்டிச் சத்தம் கேட்டால் பேப்பரை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொள்வேன். போன வாரம் இருளப்பசாமி வண்டி மறுபடி வந்தது. சுப்புராஜ் பருத்தியில் கை வைக்கப் போக, தம்பி நீங்க இருங்க, அண்ணாச்சி பாக்கட்டும் என்றார். அப்பாவுக்குக் கண் சரியில்லை என்று அவன் சொன்னது உள்ளே எனக்குக் கேட்டது. அதற்கு அவர், இல்லாத சருகே தெரியுது, இருக்குறதா தெரியாமப் போகப்போகுது, அவுகளக் கூப்பிடுங்க என்றார். முற்றமே சிரித்தது, நானும் சிரித்துக்கொண்டே வெளியே வந்தேன். ஒரு பிடி அள்ளினேன். கண்ணை இப்படியும் அப்படியும் அசைத்தேன். கொசுவும் நூலும் ஓடின, ஒரு துணுக்கு மட்டும் இருந்த இடத்தில் இருந்தது. எனக்குப் பயம்தான். இருந்தும் விரலால் கிள்ளி எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். அவர் உற்றுப் பார்த்துவிட்டு, மெய்யாலுமே சருகுதேன், நீங்க சொல்ற வெலையப் போடுங்க என்றார். துண்டால் முகத்தைத் துடைத்தேன். கண்ணில் பஞ்சு விழுந்துவிட்டதா என்று சுப்புராஜ் கேட்டான், ஆமாம் என்றேன்.

ஆகையால் தாயி, நான் கடையை விடுவதாக இல்லை. நீ கோபித்துக்கொள்ளாதே. நீ அனுப்பிய போட்டோவை நேற்று வாசல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். உன் வகிட்டுக்குப் பக்கத்தில் வெள்ளையாக ஒரு இழை தெரிந்தது. என்னுடைய நூல்தான் என்று நினைத்துக் கண்ணை அசைத்துப் பார்த்தேன், அது அசையவில்லை. இன்னொரு தடவையும் பார்த்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை, அவள் தாங்க மாட்டாள். பருத்தி வரத்து ஓய்ந்ததும் ஆனியில் நாங்கள் இரண்டு பேரும் வருகிறோம். இருக்கிறதற்கு இல்லை, உன்னைப் பார்க்கிறதற்கு.

மாப்பிள்ளைக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசி, நீங்கள் எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். வெள்ளிக்கிழமை தவறாமல் தலைக்கு நல்லெண்ணெய் தேய்த்துக் குளி, வேலை வேலை என்று விட்டுவிடாதே.

இப்படிக்கு
உன் அப்பா
அருஞ்சுனை