ஜீப்பில் ஏறிய பல்லாக்கு

சிட்டு,

என் இரண்டு தோளிலும் பட்டை அழுத்திய தடம் இன்னும் சிவந்து கிடக்கிறது. வேலை முடிந்து வந்து தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அந்த வாசம் மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்துவிட்டது. ஏலத்தோட்டத்திலிருந்து மலையிறங்கும் ஜீப்பில் நம் அத்தனை பேர் இடுப்பிலும் இதே வாசம்தானே அடிக்கும். "இது ஜீப்பாடி, மருந்துக் கடையாடி?" என்று மூக்கைப் பொத்துவாய். பொத்திய கையாலேயே என் பாட்டிலைப் பிடுங்கி உன் முட்டியிலும் தேய்த்துக்கொள்வாய்.

உனக்குச் சொல்ல ஒரு சேதி வைத்திருக்கிறேன். வீட்டில் சொன்னேன். டீவியைப் பார்த்தபடியே தலையாட்டினார்கள். இதை முழுசாகக் கேட்கிற ஆள் நீதான். நேற்று ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு மலைக்குப் போனேன். அங்கே என்னை ஒரு பலகையில் படுக்க வைத்துக் கட்டி, நாலு பேர் தூக்கி, பாண்டி அண்ணன் ஜீப்பில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். பதறாதே. எனக்கு ஒன்றும் இல்லை. அடிபட்டவள் மாதிரி படுத்துக் கிடந்தேன், அவ்வளவுதான்.

முதலிலிருந்து சொன்னால்தான் உனக்குப் புரியும். நீ போன பிறகு ஒரு டாக்டர் பிள்ளை நம் ஊர் கோம்பைக்கு வந்தது. நாம் காலையில் ஜீப்புக்கு நிற்கிற இடத்துக்கே வந்துவிட்டது. ஒல்லியான பெண், தோளில் பை, காலில் ஷூ. மலையில் அடிபடுகிறவர்களை ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் எப்படிக் கொண்டுவருகிறார்கள் என்று ஆராய்ச்சி செய்கிறதாம். ஆஸ்பத்திரிக்குள் வந்த பிறகு நடப்பது எனக்குத் தெரியும், வழியில் நடப்பது உங்களுக்குத்தான் தெரியும், அதைக் கேட்க வந்தேன் என்றது.

"விழுந்தவங்கள முதல்ல யாருக்கா தூக்குவீங்க? எப்படித் தூக்குவீங்க? குடிக்க எதாவது குடுப்பீங்களா?"

எல்லார் மனசிலும் நீதான் இருந்தாய். கூட்டத்தில் மூத்தவள் என்று சரசக்காதான் கடைசியில் வாயைத் திறந்தது. "சோடா குடுப்போம்" என்றது. அந்தப் பிள்ளை திட்டப் போகிறது என்று நினைத்தேன். திட்டவில்லை. "அப்புறம்?" என்று கேட்டது. அப்புறம் நான் உன் கதையைச் சொன்னேன், சிட்டு.

மழை விட்ட சாயங்காலம். வேலை முடிந்து, மேட்டிலிருந்து ஜீப்பைப் பார்த்ததும் நீ ஓடினாய். ஓரத்துச் சீட்டுக்காகத்தான். "ஓரத்துல உக்காந்தாக் காத்து, நடுவுல உக்காந்தா வேர்வை" என்று தினமும் சொல்லிச் சொல்லியே அந்தச் சீட்டை உனக்கென்று ஆக்கி வைத்திருந்தாய். மண் வழுக்கியது. மேட்டு விளிம்பிலிருந்து பாதையில் மல்லாக்க விழுந்தாய். விழுந்த இடத்திலிருந்து எங்களைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தாய். கைக்குக் கிடைத்தவர்கள் கையை, காலுக்குக் கிடைத்தவர்கள் காலை என்று பிடித்துத் தூக்கி, ஜீப்பில் இரண்டு பேருக்கு நடுவில் உன்னை உட்கார வைத்தோம். சோடா வந்தது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் உன் தலை என் தோளில் வந்து விழுந்தது. பாதி வழியில் கேட்டாய்.

"ஆரோக்கியம், என் செருப்பு விழுந்துருச்சாடி? பாரு."

"கெடக்குற கெடையில செருப்பக் கேக்குறா பாரு" என்று சரசக்கா அதட்டியது. நான் குனிந்து பார்த்தேன். இரண்டு செருப்பும் உன் காலில்தான் இருந்தன.

ஆஸ்பத்திரியில் முடிந்ததையெல்லாம் செய்தார்கள். நீ வீட்டுக்குத் திரும்பவில்லை.

இதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு அந்தப் பிள்ளையிடம் கேட்டேன். "படுக்க வச்சு முறையாக் கொண்டுவந்திருந்தாப் பொழச்சிருப்பாளா டாக்டரம்மா?"

"தெரியலக்கா" என்றது. "இப்ப யாராலயும் அதச் சொல்ல முடியாது. உங்க மனசுக்காக எதையாவது சொல்லிட்டுப் போக எனக்குப் பிடிக்கல."

அந்தப் பதிலுக்காகவே அந்தப் பிள்ளையை எனக்குப் பிடித்துப்போனது.

அடுத்த தடவை வரும்போது ஒரு பலகை கொண்டுவந்தது. ஆரஞ்சு கலர் பிளாஸ்டிக். ஆள் நீளம். ஓரமெல்லாம் கைபிடிக்க ஓட்டை, குறுக்கே கட்ட மஞ்சள் பட்டை. தோட்டத்துப் பாதையில் பெரிய வண்டி ஏறாது. தார் ரோட்டில் ஆம்புலன்ஸ் நிற்கிற இடம் வரைக்கும் ஜீப்தான் கொண்டுபோக வேண்டும். அதுவரைக்கும் கழுத்தும் முதுகும் வளையாமல் இருக்கத்தான் இந்தப் பலகை. அடிபட்ட பிறகு தேடிக்கொண்டு ஓட முடியாது, எப்போதும் ஜீப்பிலேயே இருக்க வேண்டும் என்றது டாக்டர் பிள்ளை.

பாண்டி அண்ணன் பலகையைப் பார்த்தார். கட்டுகிற பட்டைகளைப் பார்த்தார். "இது பாடைம்மா" என்றார்.

"இல்லண்ணே, இது வந்து..."

"நாலு பேரு தூக்குறாக, ஆளக் கெடத்திக் கட்டுறாக. இதுக்கு எங்க ஊர்ல பாடைன்னு பேரு. காலங்காத்தால பொம்பளையாளுகளுக்கு மேல பாடையக் கட்டிக்கிட்டு நான் மலையேறணுமா? எவ ஏறுவா என் வண்டியில?"

மற்ற டிரைவர்களும் அதையேதான் சொன்னார்கள். அவர்களை மட்டும் சொல்லி என்ன? நம் ஆட்களும் அப்படித்தான். தரையில் கிடந்த பலகையைத் தாண்டாமல் சரசக்கா சுற்றிக்கொண்டு போனது.

ஆனால் எனக்கு அன்றிலிருந்து ஒரே நினைப்பாகிவிட்டது. அந்தப் பலகை நம் ஜீப்பில் ஏற வேண்டும். தினமும் அதே மேடு, அதே வழுக்கல். உன்னைப் போல இன்னொருத்தி விழுந்தால் மறுபடியும் கையும் காலுமாகப் பிடித்துத் தூக்கவா? பலகை ஏறாவிட்டால் அந்தப் பிள்ளை தன் ஆராய்ச்சியை எழுதிக்கொண்டு ஊருக்குப் போய்விடும், நாம் சோடாவோடு நிற்போம்.

ஜீப் எவ்வளவு குலுக்குகிறது என்று பார்க்க அது ஒரு பொம்மையையும் கொண்டுவந்திருந்தது. ஆள் மாதிரியே இருக்கும். ஆனால் பொம்மைக்கு எங்கே வலிக்கிறது என்று சொல்லத் தெரியாதே. நிஜ ஆள் ஒருவர் படுக்க வேண்டும், யாராவது வருவீர்களா என்று கேட்டது. உயிரோடு இருக்கிறவர்கள் யார் பாடையில் படுப்பார்கள்? எல்லாரும் மேலே மரத்தைப் பார்த்தார்கள். நான் படுக்கிறேன் என்றேன்.

"உங்க பேரு என்னக்கா?"

"ஆரோக்கியம்."

எழுதப்போன பிள்ளை நிமிர்ந்து பார்த்துச் சிரித்துவிட்டது. "நோயாளி பேரு ஆரோக்கியமா?"

"நல்லாருக்கு" என்றார் பாண்டி அண்ணன். "அடுத்து தீர்க்காயுசுன்னு எவளாச்சும் இருந்தாக் கூட்டிட்டு வாங்க."

அப்படித்தான் நேற்று படுத்தேன். படுத்ததும் சிலுவை போட்டுக்கொள்ளலாம் என்று கையைத் தூக்கப் பார்த்தேன், அதற்குள் கையையும் சேர்த்துக் கட்டிவிட்டார்கள். காதுக்கு இரண்டு பக்கமும் சுருட்டிய துண்டு. நெற்றியில் தீப்பெட்டி மாதிரி ஒரு பெட்டி. குலுக்கலை அது எழுதுமாம். டாக்டர் பிள்ளை என் தலைமாட்டில் நின்று, "நான் சொல்றப்பதான் தூக்கணும், ஒரே கட்டையா வரணும்" என்றது.

தூக்கினார்கள். சுற்றி நின்ற நம் ஆட்களில் ஒருத்தி முந்தானையை வாயில் வைத்திருந்தாள். சாவு வீடேதான். தலையைத் திருப்ப முடியாது, மேலே மட்டும்தான் பார்க்கலாம். பார்த்தால், மரத்தைச் சுற்றி மிளகுக் கொடி ஏறிக்கொண்டே போகிறது. இத்தனை வருசம் குனிந்து குனிந்து ஏலக்காய் எடுத்ததில் அந்தக் கொடி இவ்வளவு உயரம் போகும் என்றே எனக்குத் தெரியாது. உச்சி வரைக்கும் பார்த்தேன். அங்கன வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அப்போது உன் குறும்பு எங்கிருந்தோ எனக்குள் ஏறிவிட்டது.

"ஏ, விலகுங்கடி. பல்லாக்கு வருதுல்ல."

சரசக்காதான் முதலில் கொக்கரித்துக்கொண்டு சிரித்தது. "மகாராணிக்கு வெத்தல மடிச்சுத் தரவா?" என்றது. "ராணிக்கு வாயி மட்டும்தான் கட்டலையாம்" என்று இன்னொருத்தி. தூக்கிய நாலு பேரும் சிரித்ததில் பலகை ஆட, டாக்டர் பிள்ளை, "சிரிக்காமத் தூக்குங்கக்கா" என்று கெஞ்சியது. அதுவும் சிரித்துக்கொண்டேதான் கெஞ்சியது.

நடு சீட்டின் முதுகை மடக்கி என்னை உள்ளே தள்ளினார்கள். என் கால் ஜீப்புக்கு வெளியே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தது. வண்டி கிளம்பியது.

"அண்ணே, மெதுவாப் போங்க, பல்லு ஆடுது."

"பேசாமப் படு. அடிபட்டவ இம்புட்டுப் பேசுவாளா?"

"பேசுவாண்ணே. சிட்டு பேசலையா?"

அன்றைக்கும் வண்டி அவருடையதுதான், உனக்குத் தெரியும். நான் அதைச் சொன்ன பிறகு ஒவ்வொரு பள்ளத்திலும் சக்கரத்தை ஒன்று ஒன்றாக இறக்கி, முட்டை வண்டி ஓட்டுகிற மாதிரி ஓட்டினார்.

முதல் தடவை வெறும் பலகை. இரண்டாம் தடவை பலகைக்கு அடியில் கம்பளியை நாலாக மடித்துப் போட்டார்கள். எனக்கே வித்தியாசம் தெரிந்தது, சிட்டு. இறங்கியதும் டாக்டர் பிள்ளை போனைக் காட்டியது. முதலில் ஓடிய கோடு நம் மலை மாதிரி ஏறி ஏறி இறங்கியது. இரண்டாவது, வரப்பு மாதிரி தணிந்து ஓடியது. "பாருங்கக்கா, இது நீங்க" என்றது. என் உடம்பு குலுங்கியதை நானே பார்த்தேன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு அந்தக் கோடு புரிந்தது. இந்தப் பாதையில் ஓர் ஆளை வலியில்லாமல் கொண்டுபோக முடியும் என்று அந்தக் கோடு சொன்னது. நான் அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

திரும்பிப் பார்த்தால் பலகைக்குப் பக்கத்தில் வரிசை நிற்கிறது. "நானும் ஒருவாட்டி பல்லாக்குல போறேன்" என்று சரசக்கா செருப்பைக் கழற்றிவிட்டுத் தயாராக நிற்கிறது. தாண்டக் கூடாது என்று சுற்றிப்போன ஆள்.

இந்தச் சமயம் பார்த்து டாக்டர் பிள்ளை மெதுவாகக் கேட்டது. "அண்ணே, வண்டியில வச்சுக்கலாமா?"

"பாடைய வைக்க மாட்டேன்" என்றார் பாண்டி அண்ணன். வண்டிச் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டு இருந்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார். "ஏத்தா, ஒன் பல்லாக்க மேல கட்டுறதா, உள்ளாற வைக்கிறதா?"

இன்று காலை ஜீப் வந்தபோது கூரை மேல் ஆரஞ்சு கலரில் அது பளபளவென்று கிடந்தது. கம்பத்து டிரைவர் ஒருவர் மேட்டில் வண்டியை நிறுத்தி, "என்னண்ணே அது?" என்று கேட்டார். "பல்லாக்கு" என்றார் நம் ஆள், ஏதோ பரம்பரையாக வைத்திருக்கிறவர் மாதிரி. நான் சோத்து வாளியை மடியில் வைத்துக்கொண்டு மலை ஏறி முடிக்கிற வரைக்கும் சிரித்துக்கொண்டே போனேன்.

இனி யாராவது விழுந்தால் எங்கள் ஜீப்பில் ஆளுக்கு ஒரு வேலை. தலையைப் பிடித்துக்கொண்டு "தூக்கு" என்று சொல்வது பாண்டி அண்ணன். சோடா என்று ஓடி வருகிறவர்களைத் தடுத்து நிறுத்துவது சரசக்கா. எனக்குக் கால் பக்கம். தூக்குவதற்கு முன்னால், விழுந்தவரின் கால்விரலில் ஒன்றை மெல்லத் தொட்டு, எந்த விரல் என்று கேட்க வேண்டும். முதுகுத்தண்டில் அடிபட்டிருந்தால் கால் மரத்துப்போய், தொடுவது தெரியாதாம். சொன்னாலும் சொல்லாவிட்டாலும் பலகையில்தான் ஏற்ற வேண்டும். ஆனால் என்ன சொன்னார்கள் என்பதை ஆஸ்பத்திரியில் சொல்ல வேண்டும், அது அங்கே ரொம்ப உதவும் என்று டாக்டர் பிள்ளை சொல்லிக்கொடுத்தது.

இன்று ஜீப்பில் ஒருத்தியையும் விடவில்லை. எல்லாரையும் கண்ணை மூடச் சொல்லித் தொட்டுத் தொட்டுக் கேட்டேன். "பெருவெரலு. கூசுது, விட்றி" என்று சரசக்கா காலை உதறியது. ஒவ்வொருத்தியும் சரியாகச் சொல்லச் சொல்ல எனக்கு அவ்வளவு சந்தோசம். அவசரத்தில் மறந்துவிடக் கூடாது என்று இந்தக் கேள்வியை இப்போது என்னோடேயே வைத்திருக்கிறேன். காய் எடுக்கும்போதும் சோறு பொங்கும்போதும் வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன். ஒருத்தியிடம் மட்டும்தான் இன்னும் கேட்கவில்லை.

கண்ணை மூடிக்கோ, சிட்டு. இப்ப நான் எந்த வெரலத் தொடுறேன், சொல்லுடி?