கோபிநாத் வாங்கித் தராத விசைப்பலகை

என் செல்ல மாலதி அக்காவுக்கு,

உன்னிடம் ஒரு நல்ல செய்தி சொல்லத்தான் எழுதுகிறேன். எனக்கு நல்ல செய்தி. நீ இருந்திருந்தால் முகத்தைச் சுளித்து, "ஏன்டி உனக்கு இந்த வேண்டாத வேலை?" என்று கேட்டிருப்பாய். கேட்டாலும் நான் நிறுத்தியிருக்க மாட்டேன்.

உன் பழைய முதலாளி கோபிநாத் எனக்குப் போன் செய்தார். அத்தனை ஆண்டுகள் நீ தமிழ் மொழிபெயர்ப்பாளராக உட்கார்ந்து தட்டச்சு செய்தாயே, அந்த நிறுவனத்தின் சொந்தக்காரர். உன் இறுதிச் சடங்குக்கு வந்து, மாலையைப் போட்ட கையோடு, காரை நிறுத்த இடமில்லை என்று கிளம்பிப் போனவர்.

"சுதா, எங்க கம்பெனிய ஒரு அவார்டுக்கு அப்ளை பண்ணிருக்கோம். ஸ்டாஃப்ப நல்லா கவனிக்கிற கம்பெனின்னு. மாலதியப் பத்திதான் பேசப் போறேன். கை வலின்னு சொன்னப்ப ஒரு கீபோர்டு நான் வாங்கிக் குடுத்தேனே, ரெண்டாப் பொளந்த மாதிரி இருக்குமே, அது உங்ககிட்டதானே இருக்கு? அதுக்காக ஒரு டின்னர் வைக்கிறோம், அங்க கொண்டு வாங்க. கண்ணாடிப் பெட்டியில வச்சு ஆபீஸ்ல வைக்கலாம்."

நான் வாங்கிக் குடுத்தேனே! அக்கா, கொஞ்சம்கூடத் தடுமாறாமல் சொன்னார்.

டாக்டர் சொல்லி நீயே வாங்கிய விசைப்பலகை அது. இரண்டு பாதியாகப் பிரிந்து, நடுவில் மேடாக எழும்பி, மணிக்கட்டை ஒடிக்காமல் கையை இயல்பாக வைத்துக்கொள்ள விடும். ஆசையாக அலுவலகத்துக்கு எடுத்துப் போனாய். "கிளையண்ட் வந்து போற இடம், பாக்க நண்டு மாதிரி இருக்கு" என்று சொல்லி அதை ஸ்டோர் ரூமுக்கு அனுப்பினார் இதே கோபிநாத். நீ பழைய தட்டைப் பலகையிலேயே தட்டித் தட்டிக் கையைக் கெடுத்துக்கொண்டாய். வலி தாங்காமல் வேலையை விட்ட அன்றுதான் அது ஈசூனில் இருக்கும் நம் வீட்டுக்கு வந்தது.

நீ போனது இதயம் நின்று. கை வலியால் யாரும் சாவதில்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் கடைசிவரை உன் தலையைப் பின்னிவிட என்னைக் கூப்பிட வேண்டியிருந்ததே, அது யாரால்?

"கொண்டு வர்றேன் சார்" என்றேன். "சும்மா பெட்டியில வைக்க வேணாம். பெரிய ஸ்க்ரீன்ல என் லேப்டாப்பப் போட்டு, அந்தக் கீபோர்டுலயே அக்காவப் பத்தி நாலு வரி டைப் பண்றேன்."

அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "வாவ், ரொம்ப டச்சிங்கா இருக்கும்மா!"

ஒரு தடங்கல் வந்தது. அப்போதுதான் என் மடிக்கணினியின் இயங்குதளத்தைப் புதிய பதிப்புக்கு மாற்றியிருந்தேன். உன் விசைப்பலகையைச் செருகினால் விளக்கு மட்டும் எரிந்தது. ஓர் எழுத்துகூட விழவில்லை. கீழ்த்தளத்துக் கம்ப்யூட்டர் கடைக்காரர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ரொம்பப் பழசு லா. தூக்கிப் போட்டுட்டு வேற வாங்குங்க" என்றார். செய்த நிறுவனமே அந்த மாடலைக் கைவிட்டுவிட்டது.

வெறும் பாசத்துக்காக என்றால் அன்றைக்கே ஓய்ந்திருப்பேன். கோபம் அப்படி விடாது அக்கா. என்னை உட்கார வைத்துப் படிக்க வைத்தது.

அதே பலகையை வைத்திருக்கும் யார் யாரோ இணையத்தில் எழுதியதை எல்லாம் படித்தேன். விசைப்பலகை கெடவில்லை. வேலையை விட்ட பிறகு என் கணினியில் தட்டுவதற்காக நீ போட்டு வைத்திருந்த பழைய மென்பொருள்தான் குறுக்கே நின்றது. புதிய இயங்குதளம் அதை ஓட விடாது. அதுவோ வழியையும் விடாது. கோபிநாத் மாதிரி. அதை வேரோடு நீக்கி, கணினியை மூடித் திறந்தேன். ஆங்கில எழுத்துகள் வந்தன.

தமிழ் வரவில்லை. கட்டைவிரல் அருகே ஒரு விசையைத் தட்டித் தமிழுக்கு மாறுவாயே, அந்த ஏற்பாடும் பழைய மென்பொருளோடு போய்விட்டது. விசைகளின் வேலையை மாற்றித் தரும் இலவசச் செயலி ஒன்றைப் போட்டேன். அதுவும் அசையவில்லை. நான் தட்டுவதைப் பார்க்க அதற்கு அனுமதி தர வேண்டும் என்று கணினி அமைப்புகளுக்குள் எங்கோ ஒரு மூலையில் இருந்தது. கொடுத்தேன். கட்டைவிரலால் தட்டி, உன் பெயரை அடித்தேன். மாலதி. திரையைப் பார்த்துக் கெட்ட வார்த்தை ஒன்று சொன்னேன். உனக்கில்லை, கோபிநாத்துக்கு.

விருந்து சிராங்கூன் ரோட்டில் ஓர் உணவகத்தின் மாடியில். கோபிநாத் ஒலிவாங்கியைப் பிடித்து, உன்னைத் தன் கூடப் பிறந்தவள் என்றார். பிறகு என்னைக் கூப்பிட்டார். உட்கார்ந்தேன். கட்டைவிரலால் தமிழுக்கு மாற்றினேன்.

'இந்த விசைப்பலகையை வாங்கியவர் என் அக்கா மாலதி. அலுவலக மேசையில் இதை வைக்கக் கூடாது என்று ஸ்டோர் ரூமுக்கு அனுப்பியவர் திரு. கோபிநாத். வலியோடு வேலை செய்த என் அக்காவிடம் அவர் ஒருநாளும் மன்னிப்புக் கேட்கவில்லை.'

ஒவ்வோர் எழுத்தாகத் திரையில் ஏறியது. முதல் வரிக்குச் சிலர் கை தட்டினார்கள். இரண்டாவது வரியில் அது நின்றுபோயிற்று.

"சுதா, போதும்மா. சாப்பாடு ஆறுது" என்று சிரித்தபடியே என் பக்கத்தில் வந்தார் கோபிநாத். "அவங்க இன்னும் துக்கத்துல இருக்காங்க. ஏதோ குழப்பம்" என்று எல்லோருக்கும் சொன்னார்.

மெய் லிங்கை நினைவிருக்கிறதா? உன் பக்கத்து மேசைக்காரி. அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அருகிலிருந்தவரிடம் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். அவர் சொன்னதும் எழுந்து நின்று கோபிநாத்திடம் ஆங்கிலத்தில் சொன்னாள்: "குழப்பம் எதுவும் இல்லை. அதை ஸ்டோர் ரூமுக்குத் தூக்கிப் போனவளே நான்தான். என்னை அனுப்பியது நீங்கள்." இன்னும் அவரிடமே சம்பளம் வாங்குகிறவள் அக்கா. அந்தத் துணிச்சல் எனக்கு வந்திருக்குமா?

அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். நான் நிதானமாகப் பார்த்தேன்.

விருது விண்ணப்பத்தை அவரே திரும்பப் பெற்றுக்கொண்டாராம், மெய் லிங் சொன்னாள். அவளை வேலையை விட்டு அனுப்பவும் துணியவில்லை. அத்தனை பேர் பார்த்துவிட்டார்களே. எனக்கு மட்டும் ஒரு செய்தி அனுப்பினார்: 'இப்படி என்னை அசிங்கப்படுத்துவீங்கன்னு நினைக்கல.' சில நாள் அதை எடுத்துப் படித்துவிட்டுத்தான் காப்பியே குடிக்கிறேன்.

மனம் ஆறியதா என்று கேட்காதே. ஆறவில்லை. ஆற வேண்டும் என்றும் தோன்றவில்லை. அவர் உன்னிடம் கேட்க வேண்டிய மன்னிப்பை இனி யாரிடம் கேட்பார்?

ஒன்று மட்டும் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். இனி இந்த ஊரில் எந்த மேடையில் ஏறி அவர் உன் பெயரைச் சொன்னாலும், முன்வரிசையில் நான் உட்கார்ந்திருப்பேன்.

மன்னிக்கத் தெரியாத உன் ஒரே தங்கச்சி,
சுதா