நடவன்று விட்டுப்போன மாத்திரை

அன்புள்ள அம்மாவுக்கு,

பூவிழி எழுதுவது. நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா? ஜெர்மனியில் குளிர்தான், பழகிவிட்டது.

ஒரு சின்னச் செய்தி. ஆஸ்பத்திரிப் பதிவுகளையும் மரபணு விவரங்களையும் கம்ப்யூட்டரில் சேர்த்து, யாருக்கு எந்த மருந்து கேட்கும் என்று பார்ப்பதுதானே என் வேலை? சோதனைக்கு என் ரத்தத்தையும் கொடுத்திருந்தேன். ரத்தம் உறையாமலிருக்க அப்பா சாப்பிட்ட மாத்திரை என் உடம்பில் வேலை செய்யாதாம். இது உங்கள் இருவரிடமிருந்தும் வந்ததாம். அப்பாவுக்கும் அது சரியாகக் கேட்டிருக்காது என்றார் டாக்டர். சரி என்று சொல்லிவிட்டு டீ கப்பைக் கழுவி வைத்தேன். அழுகை வரவில்லை.

உனக்கு யாராவது அந்த மாத்திரையை எழுதினால் அப்பாவின் பழைய மருந்துச் சீட்டோடு இந்தக் கடிதத்தைக் காட்டு. மோர்மிளகாய் கொஞ்சம் அனுப்பு. வாய்க்காலில் தண்ணீர் வந்தால், நான் கேட்காவிட்டாலும் போனில் சொல்.

அப்பா இறந்த அன்று, "நடவுக்கு ஓடுற அவசரத்துல மாத்திரைய எடுத்துக் குடுக்காமப் போயிட்டேனே" என்று அழுதாய். அதற்குப் பிறகு நீ வயலில் இறங்கவேயில்லை. அந்த ஒரு மாத்திரை விட்டுப்போனதால் அவர் போகவில்லை.

பஸ் வருகிறது, முடிக்கிறேன். இந்தத் தடவை நடவுக்குப் போம்மா.

பூவிழி