கேள்வி கேட்ட பிறகு வாயை மூடு

அன்புள்ள குட்டிக்கு,

இங்கே நானும் அப்பாவும் சுகமாகத்தான் இருக்கிறோம், மாடிக் குழாய் மட்டும் மறுபடி ஒழுக ஆரம்பித்திருக்கிறது. நீ சௌக்கியமா என்று வழக்கம்போல் எழுத வந்தேன், எழுதினால் சௌக்கியமாகத்தான் இருப்பாய் என்று அடுத்த வரியையும் நானே எழுதிவிடுவேன், அதனால் அதை விட்டுவிட்டேன். ஏன் விட்டேன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். அப்பா இதைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து இன்றே உன் போனுக்கு அனுப்பிவிடுவார், நிதானமாகப் படி, நடுவில் சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்.

ஆன்லைன் பயிற்சி என்று ஒன்றில் தலைமையாசிரியை என் பெயரைக் கொடுத்துவிட்டாள் என்று சொன்னேனே, அதில் வசமாக மாட்டிக்கொண்டிருக்கிறேன். புதுமாதிரி பாடம் நடத்துவதை ஆசிரியர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொள்ள வேண்டுமாம், அதற்காக வேறு வேறு பள்ளிக்கூடத்து ஆட்கள் நாலு பேரை ஒரு குழுவாகக் கட்டிப்போட்டிருக்கிறார்கள். கணக்கு எடுக்கும் தாடிக்காரர்தான் தலைவர். மைக்கை அணைத்துவைத்துக்கொண்டே மூச்சுவிடாமல் பேசும் புவியியல் டீச்சர் ஒருத்தி, அவளுக்கு நான் வைத்த பெயர் ஊமைப்படம். அப்புறம் இன்னும் வேலை நிரந்தரமாகாத ஒரு பொடிசு, உன்னைவிடச் சின்னவள். ஒருவர் விலகினாலும் குழு கலைந்துவிடும், யாருக்கும் சான்றிதழ் கிடையாது. ஓய்வுபெறப் போகிற எனக்கு அந்தக் காகிதம் எதற்கு, ஆனால் பொடிசுக்கு அது இருந்தால்தான் வேலை நிலைக்கும், எனவே சனிக்கிழமைதோறும் பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவில் உள்ள சந்தில் நாற்காலியைச் செருகிக்கொண்டு உட்காருகிறேன், வீட்டில் சிக்னல் ஒழுங்காகக் கிடைப்பது அங்கே மட்டும்தான். இரைகிறது என்று ஃபேனை நிறுத்திவிட்டு, கதவையும் சாத்திவிட்டு, புழுங்கிச் செத்தாலும் முகத்தைச் சிரித்தமாதிரி வைத்துக்கொள்ள வேண்டும். உன் அப்பா ஒருநாள் மூக்குக்கண்ணாடி எடுக்கத் தரையோடு தரையாகத் தவழ்ந்து வந்தார், வழுக்கை திரையில் தெரியாது என்று நினைப்பு. ஊமைப்படத்தின் குரலை முதன்முதலாக அன்றுதான் கேட்டேன், விழுந்து விழுந்து சிரித்தாள்.

மாதம் ஒரு பாடத்தைப் பள்ளிக்கூடத்து டேப்லெட்டில் பதிவு செய்து அனுப்ப வேண்டும், மற்றவர்கள் பார்த்துவிட்டுக் குறை நிறை சொல்வார்கள். என் முதல் பதிவைப் பார்த்துவிட்டுப் பொடிசு, "டீச்சர், நீங்களே கேள்வி கேக்கறீங்க, நீங்களே பதிலும் சொல்றீங்க, பசங்க சும்மா வேடிக்கை பாக்குறாங்க" என்று போட்டு உடைத்தாள். எனக்குக் காதெல்லாம் சுட்டது. நான் பாடம் எடுக்க ஆரம்பித்தபோது இவள் பிறந்திருக்கவே மாட்டாள் என்று அன்று முழுவதும் அப்பாவிடம் புலம்பினேன், அவரோ பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "நீ காபி வேணுமான்னு கேட்டு, வேண்டாம்னு நீயே சொல்லிட்டுப் போறவதானே" என்றார். இதற்குத் தாடிக்காரர் சொன்ன வைத்தியம் ஒன்றே ஒன்றுதான். கேள்வியைக் கேள், வாயை மூடு, யாராவது வாய் திறக்கும்வரை காத்திரு. கேட்கச் சுலபமாக இருக்கிறது, செய்துபார்த்தால்தான் தெரியும், பதில் நாக்கு நுனிவரை வந்து நிற்கிறது.

இரண்டாவது பதிவுக்காக, மூடிவைத்த பாத்திரத்தில் தண்ணீர் ஏன் குறையவில்லை என்று பலகையில் எழுதிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். வகுப்பே திகைத்துவிட்டது. முன்பெஞ்சுக்காரி ஒருத்தி, "டீச்சர், உங்களுக்கு உடம்பு சரியில்லையா?" என்றாள். அதற்கும் நான் வாய் திறக்கவில்லை. கடைசியில் ஜன்னலோரத்தில் இருக்கும் ஒருத்தி எழுந்து ஏதோ சொன்னாள், சரியான பதில்கூட இல்லை, ஆனால் அவள் குரலை இந்த வருஷம் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்குத் தலைகால் புரியவில்லை. மணி அடித்துப் பிள்ளைகள் சாப்பிடப் போனதும் பின்பெஞ்சில் டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு, போனை ஸ்பீக்கரில் போட்டு உன்னைக் கூப்பிட்டேன், நினைவிருக்கிறதா, நான் எப்படி வாய் மூடி நின்றேன் என்று உன்னிடம் பீற்றிக்கொள்ளத்தான் கூப்பிட்டேன். தலைக்கு மேல் அலமாரியில் டேப்லெட் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த மறந்தேன், வெட்டவும் தெரியாது, அப்படியே அனுப்பிவிட்டேன்.

நேற்றுச் சனிக்கிழமை திரையில் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. தாடிக்காரர் இருமிவிட்டு, கடைசியில் கொஞ்சம் சொந்த விஷயம் பதிவாகியிருக்கிறது, அது வந்ததும் தானும் ஊமைப்படமும் பார்ப்பதை நிறுத்திவிட்டதாகச் சொன்னார். பொடிசுக்கு எதையும் மனசுக்குள் வைத்துக்கொள்ளத் தெரியாது. "நான் நிறுத்தல டீச்சர், முழுசாக் கேட்டுட்டேன், மன்னிச்சிருங்க. உங்க பொண்ணு ஏதோ சொன்னாங்க. உங்க காதுல விழுந்த மாதிரியே தெரியல" என்றாள். எழுந்து போகலாம் என்றால் நாற்காலி பீரோவில் இடிக்கிறது, முகத்தைத் திருப்பலாம் என்றால் எந்தப் பக்கம் திருப்பினாலும் திரையில் என் கட்டத்துக்குள் நானேதான் தெரிகிறேன். தலையை ஆட்டிவிட்டு மீதி நேரம் முழுவதும் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் நானும் அப்பாவும் கட்டிலில் உட்கார்ந்து அந்தப் பதிவைப் போட்டுப் பார்த்தோம். படத்தில் நான் இல்லை, காலி பெஞ்சுகளும் பலகையும்தான், குரல் மட்டும் கேட்கிறது. சாப்பிட்டியா, சாப்பிட்டிருப்பே. வேலை எப்படிப் போகுது, நல்லாத்தான் போகும். அந்த ஊர்க் குளிர் பழகிடுச்சா, பழகியிருக்கும். எனக்கே என் குரல் தாங்கவில்லை. அதற்கு நடுவில் நீ, "அம்மா, என்னால இங்க முடியலம்மா. காலையில அந்தக் கதவைத் திறக்கவே பயமா இருக்கு" என்கிறாய். அவ்வளவு தெளிவாகக் கேட்கிறது. நான் உடனே, "எல்லாம் போகப்போகச் சரியாயிடும், வெளியில போகும்போது தலைக்குக் குல்லா போட்டுக்கோ" என்கிறேன். நீ, "சரிம்மா" என்கிறாய். அப்பா திருப்பிப் போட்டுக் கேட்டார். பிறகு, "குல்லாவா?" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் நின்றுகொண்டார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அழுதேன், உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது.

உடனே உன்னைக் கூப்பிட்டேன். நீ எடுத்தாய். ஒன்றும் பிரச்சினை இல்லையே, நல்லாத்தானே இருக்கே என்று கேட்டுத் தொலைத்தேன். "நல்லாத்தாம்மா இருக்கேன்" என்றாய். வேறு என்ன சொல்வாய், பதிலையும் சேர்த்து உன் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டால். போனில் என் வாய் என் பேச்சைக் கேட்காது என்று புரிந்துபோய்த்தான் பேனாவை எடுத்தேன், பார், இதிலும் பாதிக்கு மேல் நானேதான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

நேற்றிலிருந்து அந்தக் கதவுதான் என் கண்முன் நிற்கிறது. அது நீ வேலை செய்யும் இடத்துக் கதவா, நீ தங்கியிருக்கும் வீட்டுக் கதவா, உள்ளே யார் இருக்கிறார்கள், எனக்குத் தெரியவில்லை. இப்படித்தான் இருக்கும் என்று பத்துவிதமாகத் தோன்றுகிறது, ஒன்றையும் இங்கே எழுதப்போவதில்லை. கிளம்பி வா என்று சொல்ல வருகிறது, அதையும் சொல்லவில்லை. நானே கிளம்பி வரலாம் என்றால், பயிற்சி முடியும்வரை விடுப்பு இல்லை என்கிறாள் தலைமையாசிரியை, நான் போனால் பொடிசின் வேலைக்கு உலை. அவளோ, "நீங்க போங்க டீச்சர், நான் அடுத்த வருஷம் பாத்துக்கறேன்" என்று செய்தி அனுப்பியிருக்கிறாள், அதற்கு என்ன பதில் போடுவது என்று தெரியாமல் போனைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். இங்கே நான் எப்படிச் சிக்கிக்கொண்டிருந்தாலும் அது உன் கவலை இல்லை. வா என்று நீ ஒரு வார்த்தை சொன்னால் தலைமையாசிரியை காலில் விழுந்தாவது வருவேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. அப்பா ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார். நீ எங்கே இருந்தாலும் பயமில்லாமல் கதவு திறக்கிறவளாக இருக்க வேண்டும், எங்கள் இருவர் வேண்டுதலும் அது ஒன்றுதான். இதைப் படித்ததும் கூப்பிடு, எந்த நேரமானாலும் பரவாயில்லை. எந்தக் கதவு என்று மட்டும் கேட்பேன், அதற்குமேல் பேச மாட்டேன், அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். போனில் சத்தமே இல்லையென்று லைன் கட்டாகிவிட்டதாக நினைத்து வைத்துவிடாதே. நான் அங்கேதான் இருப்பேன்.

உன்
அம்மா